கொரகொரப்பான நீலம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஆய்வகத்துக்குப் போனது நீலத்தைத் தேடி அல்ல. விஷத்தைத் தேடிப் போனேன்.

தப்பாக நினைக்க வேண்டாம். நான் வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். அடுத்த அத்தியாயத்தில் ஒரு பணக்கார மாமனாரைத் தீர்த்துக்கட்ட வேண்டியிருந்தது. காபியில் கலந்தால் நிறம் மாறக் கூடாது, ருசி தெரியக் கூடாது, இரண்டு பக்கத்துக்குள் ஆள் காலியாகிவிட வேண்டும். இந்த மாதிரி சந்தேகத்தை வெளியில் யாரிடமாவது கேட்டால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். என் மனைவியிடம் கேட்கலாம். அவள் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து என் கதைகளில் செத்தவர்கள் எல்லாரும் அவள் யோசனைப்படி செத்தவர்கள்தான்.

போனேன். கதவைத் தள்ளினேன். மனைவி மூக்கில் முகமூடியும் கையில் குழவியுமாகக் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் என் தங்கை. வலது மணிக்கட்டில் கட்டு. கண் கல்வத்தைவிட்டு நகரவில்லை. கல்வத்துக்குள் நீலம்.

"எப்படி இருக்கு பாப்பா?" என்றாள் மனைவி.

"சூப்பரா இருக்கு அண்ணி," என்றாள் தங்கை.

தங்கையை அவள் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அந்த 'சூப்பர்' பச்சைப் பொய்.

மாமனார் அன்றைக்குப் பிழைத்துக்கொண்டார். நான் விஷத்தை மறந்துவிட்டு, அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது.

2

முதல் வரிக்காக உட்கார்ந்தேன்.

'செம்பும் மணலும் சுண்ணாம்பும் நெருப்பில் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று—'

வேண்டாம். நாளைக்குப் பரீட்சை என்பது போல இருக்கிறது.

'நீலம் என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு—'

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிற எழுத்தாளரிடம் ஜாக்கிரதையாக இருங்கள். அடுத்த வரியில் வானத்தைக் கூட்டி வருவார், அதற்கடுத்த வரியில் கடலை. அப்புறம் வீடு நிறைய ஆள், உட்கார இடம் இருக்காது.

'நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.'

இது தேறும். இந்த ஒரு வரிக்கே வாரப் பத்திரிகை வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் சிக்கலும் இங்கேதான். ஆசிரியருக்கு போன் போட்டுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு சார். நாத்தனார் எப்ப ஆரம்பிக்கிறா?"

"எதை?"

"கொடுமையை."

"கொடுமை இல்ல. ரெண்டு பேரும் ஒருத்தர்மேல ஒருத்தர் உசிரா இருக்காங்க."

"அண்ணியும் நாத்தனாருமா? சார், நீங்க என்ன விஞ்ஞானக் கதையா எழுதறீங்க?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பத்திரிகையில் நானே எத்தனை நாத்தனார்களை விட்டு எத்தனை பாலில் உப்பைக் கொட்டியிருக்கிறேன்! இப்போது திடீரென்று ஒரு நல்ல நாத்தனாரைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் நம்புவார்கள்? முதல் பக்கம் முழுக்க, பால் பாத்திரத்தை எப்போது தொடுவாள் என்று காத்திருப்பார்கள்.

இருந்தாலும் எழுதப்போகிறேன். ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொள்கிறேன். கதையை என் தங்கையின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். ஆகவே இனி என் மனைவி 'அண்ணி', என் தங்கை 'நாத்தனார்'. இவர்களுக்கு நடுவில் அண்ணன் என்று ஒருவன் உண்டு. அவனால் கதைக்குக் காலணா பிரயோஜனம் இல்லை. அவனை வெட்டிவிட்டேன்.

[கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் மனைவி பென்சிலால் எழுதியது: 'வீட்டிலும் அப்படித்தான்.']

3

நாத்தனாருக்கு வேலை, கெட்டுப்போன பழைய ஓவியங்களைச் சரிசெய்வது.

நகர நூலகத்தில் மாடிக்குப் போகும் படிக்கட்டின் பக்கச் சுவர் முழுக்கக் கடல். யாரோ எப்போதோ வரைந்துவிட்டு, கீழே பேர்கூடப் போடாமல் போயிருக்கிறார். கடலில் நிறையப் படகுகள். எல்லாப் படகிலும் மும்முரமாக வேலை நடக்கிறது. ஒரு படகில் மட்டும் ஒருவன் வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். நூலகத்துக்கு வருகிற குழந்தைகள் எல்லாம் போகிற போக்கில் அவனைத் தொட்டுவிட்டுப் போய், அவன் தொப்பை மட்டும் வழவழவென்று ஆகிவிட்டது.

மேல்மாடியில் குழாய் உடைந்து தண்ணீர் சுவருக்குள் இறங்கியதில், தூங்குகிறவனுக்குப் பக்கத்தில் இரண்டு கை அகலத்துக்குக் கடல் உதிர்ந்து கொட்டிவிட்டது.

கட்டடத்தைப் பராமரிக்கிற பொறியாளர் வந்து பார்த்தார். எந்த வியாதிக்கும் பலகையைத்தான் மருந்தாகச் சொல்வார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயரே பலகைக்காரர்.

"இதுக்குப் போய் மெனக்கெடணுமாம்மா? சுவர் பூரா நல்ல பலகையா அடிச்சு மூடிட்டா பளிச்சுனு இருக்கும். அறிவிப்பு ஒட்டவும் இடம் கிடைக்கும்."

நாத்தனார் கெஞ்சிக் கூத்தாடித் தவணை வாங்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் பலகைக்காரர் வருவார். ஒட்டுப் போட்ட இடம் தனியாகத் தெரியாவிட்டால் கடல் பிழைத்தது. தெரிந்தால், தூங்குகிறவன், வலை, படகு எல்லாம் பலகைக்குப் பின்னால். அதுவரைக்கும் இன்னொருவரின் கீழ் இருந்து வேலை பார்த்தவள் அவள். சொந்தப் பொறுப்பில் எடுத்த முதல் வேலை இது. முதல் வேலையே பலகைக்குப் பின்னால் போனால் அடுத்த வேலையை யார் நம்பிக் கொடுப்பார்கள்?

கடையில் கிடைத்த நீலத்தையெல்லாம் பூசிப் பார்த்தாள். தூரத்தில் நின்றால் கடல். கிட்டே போனால் பிளாஸ்டிக் வாளி. கடைசியில், சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு பொருக்கைக் காகிதத்தில் பொதிந்து, அண்ணியின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். அண்ணி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

"அட, உடைச்ச கற்கண்டு மாதிரி இருக்கே! பாப்பா, இது கடைச் சரக்கு இல்ல. செம்பையும் மணலையும் சேர்த்துச் சுட்டு எடுத்தது. ஏறக்குறைய கண்ணாடி."

"எங்கயாவது வாங்க முடியுமா அண்ணி?"

"வெளியூர்லேருந்து வரவழைக்கலாம். அது வர்றதுக்குள்ள பலகை வந்துடும்." அண்ணி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். "நாமளே செஞ்சுட்டா என்ன?"

நாற்பதைத் தாண்டியவளை இந்த உலகத்தில் 'பாப்பா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அண்ணி. இந்த உலகத்தில் 'நாமளே செஞ்சுட்டா என்ன' என்று கேட்கிற ஒரே ஆளும் அவள்தான்.

4

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சை நிறத்தில் ஒரு செம்பு உப்பு, சலித்த வெள்ளை மணல், சுண்ணாம்புத் தூள், எல்லாம் சேர்ந்து உருகிப் பிடிப்பதற்குக் கொஞ்சம் சோடா. கலந்து வைத்தால் பழைய பல்பொடி மாதிரி இருக்கும். இதில் நீலம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மின்சூளையில் வைத்து, பகல் முழுக்கச் சுட வேண்டும். சூடு குறைந்தாலும் வராது, கூடினாலும் வராது.*

[* இந்தப் பத்தியில் நான் 'இரசவாதம்', 'மாயம்' என்று இரண்டு சொற்கள் போட்டிருந்தேன். மனைவி இரண்டையும் அடித்துவிட்டாள். 'சூட்டைச் சரியா வெச்சா வரும். இதுல என்ன மாயம்?']

மறுநாள் சூளையைத் திறந்தார்கள். கிண்ணத்துக்குள் ஒரு கட்டி. ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. மற்றபடி நல்ல கருநீலம்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு பாப்பா!" அண்ணி இடுக்கியைக் கீழே வைக்கவும் மறந்து, கட்டியோடு சேர்த்து அதை ஆட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அரைக்க வேண்டியதுதான் பாக்கி. நாத்தனார் சுவரைச் சுரண்டும்போது ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகவிட்டிருந்தாள். அண்ணி அவளைக் கிட்டேயே விடவில்லை. "அரைக்கிறதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ கையை ஆட்டாம உக்காரு."

கட்டியை உடைத்துக் கல்வத்தில் போட்டுக் குழவியை நாலு சுற்று சுற்றினாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அதேதான். சுவரிலிருந்து உதிர்ந்த அதே நீலம், அதே கொரகொரப்பு. அப்படியே எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓட வேண்டும் போலிருந்தது.

அண்ணி நிறுத்தவில்லை. அவள் படித்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. ஆய்வகத்தில் எதைச் சோதிப்பதானாலும் முதலில் நைசாக அரைக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது. அரைத்தாள், சலித்தாள், சல்லடையில் நின்றதை மறுபடி கொட்டி அரைத்தாள். இந்த நீலத்துக்கோ ஒரு குணம் உண்டு. துணுக்கு பெரிதாக இருக்கிறவரைதான் நிறம் ஆழமாக இருக்கும். பொடியாகப் பொடியாக வெளுத்துவிடும், பச்சைப் பாட்டிலை நொறுக்கி மாவாக்கினால் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி. நாத்தனாருக்கு அது தொழிலில் தெரிந்த விஷயம். கல்வத்துக்குள் கடல் கண் முன்னாலேயே வானமாகி, வானம் பலமுறை துவைத்த பள்ளிக்கூடச் சட்டையாக ஆகிக்கொண்டிருந்தது.

'போதும் அண்ணி' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்று கேட்டால், ஒரு அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் முறிந்து, ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாளே ('நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்', பார்த்தீர்களா, அந்த வரி வீண் போகவில்லை), அன்றைக்கு அண்ணி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. நேரே போய்த் தன் அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். "இந்தப் பக்கம் உனக்கு," என்றாள். அவ்வளவுதான். நாத்தனார் அப்புறம் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. அப்படிப்பட்டவள் வேர்க்க விறுவிறுக்க அரைத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் அரைக்கிறது தப்பு என்று எந்த வாயால் சொல்வது?

"எப்படி இருக்கு பாப்பா?"

"சூப்பரா இருக்கு அண்ணி."

இந்த இடத்தில்தான் அந்த உபயோகமில்லாத அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். அவனை விடுங்கள்.

5

கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் பேச வேண்டும்.

நம் வீடுகளில் 'நல்லாருக்கு' என்பது அபிப்பிராயம் அல்ல. தையல்காரர் தோளில் ஒரு பிடி அதிகமாக விட்டுத் தைத்த சட்டை நல்லாருக்கு. முடிவெட்டிக்கொண்டு வந்த தலை நல்லாருக்கு. மச்சினன் பாடின பாட்டு ரொம்ப நல்லாருக்கு. வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பதுபோல இதையும் கொடுக்கிறோம். தாகம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் யாருக்கும் நஷ்டமில்லை. சட்டையை நாலு தடவை போட்டுக் கொடியில் மறந்துவிடலாம். ஆனால் சுவரில் இருக்கிற கடல் அந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளாது. ஒட்டினால் ஒட்டும், ஒட்டாவிட்டால் ஊரே பார்க்கும்.

அப்புறம், நாத்தனார்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருக்க முடியுமா? வாசகருக்காகக் கொஞ்சம் காரம் தூவிப் பார்த்தேன்.

'அண்ணியின் கைகள் அரைப்பதைப் பார்க்கப் பார்க்க, அவள் நெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னப் பொறாமை—'

தங்கை தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"யாருக்குப் பொறாமை? குழவி சுத்தறதைப் பார்த்தா?"

"ஒரு பேச்சுக்கு எழுதினேன்மா. ரொம்ப நல்லவளா இருந்தா கதை நிக்காது."

"என்னை நல்லவளாவும் எழுதாத. நான் நல்லவ இல்லண்ணா. பயந்தாங்கொள்ளி. அப்படியே எழுது, போதும்."

எழுதிவிட்டேன்.

இதே சாக்கில் இன்னொன்றும். மூன்றாம் பகுதியைப் பல தடவை திருத்தினேன். தூங்குகிற படகுக்காரனுக்கு ஒரு கனவு கொடுத்தேன். கனவில் ஒரு பெண், அவள் கையில் ஒரு விளக்கு. வாக்கியங்கள் பட்டு மாதிரி வந்தன. மனைவி படித்துப் பார்த்து, "முன்னாடி அவன் வெறுமனே தூங்கிட்டிருந்தானே, அதுதான் நல்லாருந்தது," என்றாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் கனவை அடித்தேன். அதனால்தான் மேலே அவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

6

நேராகச் சொல்லத் தைரியமில்லாதவர்கள் சுற்றிவளைத்துச் சொல்வார்கள். நாத்தனாரும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் ஆழமா வந்தா தேவலை. இன்னொரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?"

அவள் கணக்கு, இரண்டாவது கட்டியை அண்ணி பார்க்காத நேரத்தில் கொஞ்சம் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வது. அண்ணியின் கணக்கு வேறு. நிறம் ஆழமாக இல்லை என்றால் குற்றம் சூளையில்தான் இருக்க வேண்டும். அரைத்ததில் குற்றம் இருக்க முடியாது. அதைத்தான் பாப்பா சூப்பர் என்று சொல்லிவிட்டாளே! ஆகவே சூட்டை ஏற்றினாள். இரண்டாவது கட்டி பச்சைக் கண்ணாடியாக உருகி, கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவது தடவை சூட்டைக் குறைத்தாள். நீலம் வந்தது. பாப்பாவுக்காக முன்னைவிட நைசாக அரைத்தாள். ஒளித்து வைக்க ஒரு துணுக்கு மிஞ்சவில்லை.

"இப்ப எப்படி?"

"ம்... சூப்பர். ஆனா..."

"ஆழம் போதல. அதானே? விடு, நான் பார்த்துக்கறேன்."

நாலாவது தடவை, சுட்டு முடிகிற நேரத்தில் சூளைக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பழைய சூளை. இத்தனை நாள் சும்மா கிடந்ததைத் தொடர்ந்து வாட்டி எடுத்ததில் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே இருந்த கட்டி வெந்து முடிந்திருந்தது. ஆறவைத்து எடுத்தார்கள். அப்படி ஒரு நீலம் முந்தின மூன்று தடவையும் வரவில்லை. ஓரத்தில்கூடப் பச்சை இல்லை.

அதுதான் கடைசிக் கட்டி. சுருள் மாற்ற ஆள் வர அடுத்த வாரம் ஆகும். அன்று வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை பலகைக்காரர்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"இந்தத் தடவை கையால அரைக்கப்போறதில்ல. பக்கத்து ஆய்வகத்துல உருட்டு மில் இருக்கு. உள்ள குண்டுங்க உருண்டு உருண்டு மாவாக்கிடும். அவங்க யாருக்கும் தர மாட்டாங்க. உனக்காகக் கேட்டு வாங்கியிருக்கேன்."

7

இந்தப் பகுதியை ஆசிரியர் விரும்புகிற மாதிரி ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்.

'"ஓகோ!" என்று கொக்கரித்தாள் நாத்தனார். அவள் கண்களில் தீப்பொறி பறந்தது. "இத்தனை நாளாக நீ—"'

இல்லை. யாரும் கொக்கரிக்கவில்லை. நடந்தது இது.

"வேண்டாம்," என்றாள் நாத்தனார்.

"என்ன பாப்பா?"

"மில்லு வேண்டாம். அரைக்கவே வேண்டாம். நீங்க அரைச்சு அரைச்சுத்தான் எல்லாம் போச்சு!"

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணி முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"என்ன சொன்ன?"

"அரைக்க அரைக்க வெளுக்குது அண்ணி. முதல் கட்டியிலயே சரியா வந்துடுச்சு. நாலு சுத்துல. நீங்கதான் நிறுத்தல."

"நிறுத்துன்னு நீ சொன்னியா?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள்.

"சொன்னியான்னு கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் எப்படி இருக்குன்னு கேட்டேனா இல்லையா? எனக்கும் கண்ணு இருக்கு. முதல்ல நல்லா இருந்துதேன்னு எனக்கும் தோணிச்சு. ஆனா நீ சூப்பர்ங்கற. படம் உன் தொழில். உனக்குத் தெரியும்னு நான் இன்னும் நைசா அரைச்சேன். இந்தா, கையைப் பாரு!" உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்!"

"நீங்க என்னைத் திட்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் எப்ப உன்னைத் திட்டியிருக்கேன்?"

"அதான் பிரச்சினையே! ஒரு நாள்கூடத் திட்டினதில்ல. திட்டாதவங்ககிட்ட எப்படி அண்ணி சொல்றது?"

"நல்லா இருக்கு நியாயம்! ஆழமா வேணும், ஆழமா வேணும்னியே, சூளைதான் சரியில்லன்னு வாட்டி வாட்டிக் கம்பியே போச்சு. பிரின்சிபால் கேட்டா நான் என்ன சொல்வேன்? என் நாத்தனார் ரொம்ப மரியாதைக்காரின்னா?"

[இந்த இடத்தில், வெட்டப்பட்ட பாத்திரம் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறது.]

"நீங்க சும்மா இருங்க!"

"நீ சும்மா இருண்ணா!"

[பாத்திரம் திரும்ப வெட்டப்படுகிறது.]

"போன வருஷம் நீங்க வாங்கிக் குடுத்த மஞ்சள் ஸ்வெட்டர்," என்றாள் நாத்தனார். மூச்சு வாங்கியது. "அது எனக்குப் பிடிக்கவே இல்ல."

"தெரியும். அதைப் போட்டுக்கிட்டு நீ நடக்கற நடையிலயே தெரியும். எப்ப சொல்லுவேன்னு ஒரு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்." அண்ணியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "அலமாரியில பாதியைக் குடுத்தேனே பாப்பா, இத்தனை வருஷத்துல அதுல ஒரு பொருளை நீ இடம் மாத்தி வெச்சதில்ல. நான் விரிச்ச காகிதம்கூட அப்படியே இருக்கு. லாட்ஜுல தங்கற மாதிரி தங்கியிருக்க. அது உன் வீடுன்னு உனக்கு எப்பத்தான் தோணும்?"

நாத்தனார் கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"அந்த அலமாரிக் கதவு கிறீச்சுனு கத்துது அண்ணி. நீங்க காலைல திறக்கும்போதெல்லாம் என் தூக்கம் போயிடுது."

"எண்ணெய் போடுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"இப்பச் சொல்றேன். எண்ணெய் போடுங்க!"

"போடறேன்! இன்னிக்கே போடறேன்!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டே கல்வத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணி குழவியை எடுத்தாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"போதும்."

"இருடி, இது இப்படியே பூசினா சுவர்ல நிக்காது. மணல் மாதிரி கொட்டும்."

"வெளுக்குது அண்ணி!"

"வெளுக்கல. ஒரே ஒரு சுத்து."

"அரைச் சுத்து."

அரைச் சுற்று சுற்றினாள். இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்தன.

"நிறுத்துங்க," என்றாள் நாத்தனார். அண்ணி நிறுத்தினாள்.

[தங்கை ஓரத்தில் எழுதியது: 'அண்ணி என்னை முதல்முதலாக டி போட்டது இங்கேதான். விட்டுவிடாதே.' விடவில்லை.]

8

வெள்ளிக்கிழமை காலை அண்ணி கல்லூரிக்கு லீவு போட்டாள். நூலகம் இன்னும் திறக்கவில்லை. படிக்கட்டில் இவர்கள் மட்டும்.

நீலத்தைப் பசையில் குழைத்து அண்ணி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார் கட்டை அவிழ்த்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள். மணிக்கட்டு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை.

"அண்ணி, முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கங்க. அப்படி இல்ல, இன்னும் மேல. அழுத்தாதீங்க. மூச்சு என் கழுத்துல படுது, அந்தப் பக்கம் திரும்பி விடுங்க."

"வேற ஏதாவது இருக்கா மகாராணி?"

"இருந்தா சொல்றேன்."

வெள்ளைப் பொத்தலின் மேல் நீலம் ஏறியது. அலையின் வளைவைப் பிடித்து, தூங்குகிறவனின் படகு விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு படி இறங்கி நின்று பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடம் இருட்டாகத் தெரிந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ஈரத்தில் எந்த நீலமும் ஒரு பங்கு கறுப்பைக் கூட்டிக் காட்டும். காய்ந்தால்தான் அதன் நிஜ முகம் தெரியும். எவ்வளவு வெளுக்கும் என்று அரைத்தவளும் சொல்ல முடியாது, பூசினவளும் சொல்ல முடியாது.

கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பலகைக்காரர் கையில் அளவு நாடாவோடு படியேறி வந்தார்.

9

முடிவு எழுத வேண்டும்.

முதலில் எழுதியது: 'பலகைக்காரர் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். குழப்பத்தோடு திரும்பினார். "எந்த இடம்மா சரி பண்ணினீங்க?" என்றார்.'

எழுதிவிட்டு எனக்கே என்மேல் பிரியம் வந்துவிட்டது. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் மனைவி பென்சிலால் எழுதிவிட்டாள்: 'இன்னும் ஈரம். கண் இருக்கிற யாருக்கும் எந்த இடம் என்று தெரியும்.'

இரண்டாவது: 'பலகைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் வண்டி நிறையப் பலகைகள் வந்து—'

இந்தத் தாளைத் தங்கை கிழிக்கவில்லை. எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகிவிட்டாள். மேஜை இப்போது ஆடுவதில்லை.

ஆசிரியர் போனில் ஒரு முடிவு சொன்னார். அதில் நாத்தனார் படியிலிருந்து விழுகிறாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே, நடந்ததில் எனக்கு எழுதத் துணிச்சல் இருக்கிற வரைக்கும் எழுதுகிறேன்.

"காயணும் சார். உக்காருங்க," என்றாள் நாத்தனார்.

பலகைக்காரர் நின்று யோசித்தார். அப்புறம் கைக்குட்டையைப் படியில் விரித்து உட்கார்ந்தார். அளவு நாடாவை மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் சுவரில் மெல்ல மெல்ல ஏறியது. மேல் பக்கம் முதலில் உலர ஆரம்பித்தது. கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, காஞ்சுடுச்சு போலிருக்கே. ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு," என்றாள் அண்ணி.

"இல்ல," என்றாள் நாத்தனார், அதே நொடியில்.

இரண்டு பேரும் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்கடி ஒட்டல?"

"கீழ் ஓரத்துல. படகுகிட்ட."

"அது நிழல்."

"நிழல் இல்ல அண்ணி, ஈரமும் இல்ல. இன்னொரு பூச்சு கேக்குது."

"நல்லா இருக்கறதைப் போய்க் கெடுக்காத. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு."

"நீங்க முதல்ல உங்க கண்ணாடியைத் துடைங்க!"

பலகைக்காரர் எழுந்தார். நாடா மடியிலிருந்து உருண்டு நாலு படி கீழே போய் விழுந்தது. அதை எடுக்க அவர் இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி? எனக்குத் தெரியும். வெட்டப்பட்டிருந்தாலும் நானும் அந்தப் படிக்கட்டில்தான் இருந்தேன். ஆனால் ஒருத்தி என் மனைவி, இன்னொருத்தி என் தங்கை, மூன்று பேருக்கும் ஒரே வீடு. என் வாயால் வராது.

நீங்கள் வெளி ஆள். உங்களுக்கு என்ன பயம்? பலகைக்காரருக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது. படியேறி வாருங்கள். சுவரைப் பாருங்கள். பார்த்ததைப் பார்த்தபடி அந்த இரண்டு பேரிடமும் சொல்லுங்கள்.